பதில்: ‘பே அஸ் யூ கோ’ சூரிய மின்னுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பின் நண்பர்களே,

சூரிய விளக்குப் பெட்டியை வீட்டுக்கு எடுத்து, அதற்குரிய காசைப் போன் மூலம் சிறுகச் சிறுகக் கட்டும் முறைதான் ‘பே அஸ் யூ கோ’. அதற்கு ‘பாவித்தபடி செலுத்தல்’ என்று இந்தச் சொல்லாக்கக் குழுவில் போன மாதம் முடிவாகிய சொல்லை நான் கைவிடப் போகிறேன். காரணம் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், படுவான்கரையில் ஒரு மாதர் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். வட்டையில் (வயல்வெளியில்) காவல் வாடிக்கும், மின்கம்பி எட்டாத சில வீடுகளுக்கும் சூரிய விளக்கு எடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. வெளிநாடுகளில் ஏழைச் சனம் இதற்கு எப்படிக் காசு கட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதி வாசித்தேன். ‘பாவித்தபடி செலுத்தல்’ என்றதும் முன்வரிசையில் இருந்த ஒரு மாமி கேட்டா: “அப்ப லைற்ற நூத்து வெச்சா காசி கட்டத் தேவல்லியா மகள்?”

அவ கேட்டது நியாயம். அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால் திட்டம் அப்படியல்ல. கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற சேவை வந்து, போன் மூலம் சிறு காசு அனுப்புவது பழகிப்போன பிறகு, 2012 அளவில் எம்-கோப்பா என்ற நிறுவனம் சூரிய விளக்குப் பெட்டிகளை இந்த முறையில் விற்கத் தொடங்கியது. (சுவாகிலியில் ‘கோப்பா’ என்றால் கடன் வாங்குவது. அவர்கள் ஒளிக்காமல் பெயர் வைத்திருக்கிறார்கள்.) அந்த வருடங்களில் முதலில் ஒரு முற்பணம், பிறகு நாளுக்கு 40, 50 சில்லிங் வீதம் ஏறக்குறைய ஒரு வருடம் கட்டினார்கள். கட்டுவது யூனிட்டுக்கு அல்ல, நாளுக்கு. விளக்கை எரித்தாலும் நூத்தாலும் நாள் ஓடும். கட்டிய நாள் தீர்ந்தால் பெட்டி தானாக நின்றுவிடும். முழுத்தொகையும் கட்டி முடிந்தால் பெட்டி நிரந்தரமாகத் திறந்து, வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடும்.

அதனால் ‘முற்கொடுப்பனவு’ம் (பிரீபெய்ட்) சரிவராது. போனுக்கு எத்தனை வருடம் ரீலோட் போட்டாலும் கோபுரம் நமக்குச் சொந்தமாவதில்லை. வணிகப் பாடத்தில் படித்த ‘வாடகைக் கொள்வனவு’ (ஹயர் பர்ச்சேஸ்) கிட்ட வருகிறது, ஆனால் காசு தீர்ந்ததும் பெட்டியை நிறுத்தும் பூட்டு அதில் இல்லை. இந்த முறையின் உயிரே பூட்டுத்தான். பங்களாதேசத்தில் 2003இல் தொடங்கிய பெருந்திட்டத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின் போனது. அங்கே தவணைக்காசை ஆட்கள் வீடுவீடாகப் போய் வாங்கினார்கள். மின்கம்பி ஊருக்கு வந்ததும் பலர் கட்டுவதை நிறுத்தினார்கள். பூட்டு இருந்தால் ஆள் அனுப்பத் தேவையில்லை, அந்தச் செலவும் மிச்சம்.

கூட்டத்தில் வந்த இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கியது. “கட்டாட்டி வந்து குந்துவாங்களா?” கிழமைக் கடன் (வாராவாரம் கட்டும் நுண்கடன்) எடுத்த வீடுகளில், காசு கிடைக்கும்வரை திண்ணையில் இருந்து எழும்பாத ஆட்களைப் பார்த்த ஊர் இது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு இந்தச் சுமை முற்றியிருந்தது. ஆகவே சொல்லைக் கேட்டதுமே இரண்டு விசயம் விளங்க வேண்டும்: கட்டாவிட்டால் பெட்டி பூட்டும், கட்டி முடித்தால் பெட்டி உங்களுடையது.

என் முன்மொழிவு: முறைக்குத் ‘திறப்புத் தவணை’. காசு கட்டியதும் போனுக்கு வருகிற, பெட்டியில் அழுத்துகிற எண்ணுக்குத் ‘திறப்பிலக்கம்’. கடைசித் தவணையோடு வருவதற்கு ‘அறுதித் திறப்பு’. காணியை முழுதாக விற்று எழுதுகிற அறுதி உறுதியை நினைத்துத்தான் வைத்தேன். மாமிக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

*

அக்கா,

விளக்கம் அருமை, ‘அறுதி’யும் பிடித்திருக்கிறது. ஆனால் மதுரையில் ‘திறப்பு’ என்றால் எங்களுக்குத் திறப்பு விழாதான் நினைவுக்கு வரும். நீங்கள் சாவியைச் சொல்கிறீர்கள் என்று புரிய எனக்கு இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் உங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். இரு கரைக்கும் ஒரே சொல் என்ற ஆசையை விட்டுவிட வேண்டாமே. ‘பூட்டுத் தவணை’ என்றால் என்ன? குழப்பமில்லை.

*

தம்பி,

விழா எனக்குத் தோன்றவேயில்லை, நல்ல வேளை சொன்னீர்கள். ஆனால் ‘பூட்டுத் தவணை’ பாதியைத்தான் சொல்கிறது. கடைசியில் சொந்தமாவது அதில் இல்லை. திறவுகோல் இரண்டு கரைக்கும் தெரிந்த சொல். அதிலிருந்து ‘திறவுத் தவணை’, ‘திறவிலக்கம்’, ‘அறுதித் திறவு’ என்று எடுப்போமா? எங்கள் காதுக்கு இதுவும் திறப்பாகவே கேட்கும்.

‘பூட்டு’ம் கட்டாயம் வேண்டும். விற்கிறவர்கள் ‘சேவை இடைநிறுத்தம்’ என்று எழுதி அதை மறைத்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தாளை மாற்றி எழுதுகிறேன். முதல் வரி: “நாள் தீர்ந்தால் பெட்டி பூட்டும், ஆள் வராது.” ஆள் வராது என்பதை ஒப்பந்தத்திலும் எழுதித் தரும்படி கேட்கச் சொல்கிறேன்.