க்வில்ட் தையலில் 'வேல்யூ': தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தார்க்கு வணக்கம்.

துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் க்வில்ட் முறையில், கிறிஸ்துமஸ் மேசை விரிப்பு ஒன்றுக்குத் தமிழில் தையல் குறிப்பு எழுதிவருகிறேன். ஒன்பது அங்குல 'ஒகையோ நட்சத்திரக்' கட்டம் (சதுரங்களும் முக்கோணங்களும் சேர்ந்து நட்சத்திரமாகும் வடிவம்) மூன்று, ஒரே வரிசையாக, சுற்றிலும் இடையிலும் ஒன்றரை அங்குலப் பட்டி. முடிந்தபின் 12க்கு 33 அங்குலம். வெட்டும் அளவுகளுக்குத் தமிழ் தடையின்றி வந்துவிட்டது. துணி தேர்வில் 'வேல்யூ' என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது.

நிறம் எதுவானாலும், ஒரு துணி கறுப்புக்கு அருகில் நிற்கிறதா வெள்ளைக்கு அருகில் நிற்கிறதா என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. சிலர் 'மதிப்பு' என்று எழுதுகிறார்கள். 'மூன்று வேறு மதிப்புள்ள துணி வாங்குங்கள்' என்று படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் விலைச்சீட்டைத்தான் பார்ப்பார். சொல் தவறினால் விரிப்பும் தவறும். சிவப்பு நட்சத்திரம், பச்சைப் பின்னணி என்று ஆசையோடு தைப்பார்கள்; இரண்டு துணியும் ஒரே 'வேல்யூ'வில் இருந்துவிட்டால் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது நட்சத்திரமே தெரியாது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

*

> நல்ல சொல் ஒன்று தாருங்கள்

வணக்கம் அக்கா. 'அடர்த்தி' போதாதா? இளம்பச்சை, அடர்பச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சுதானே.

*

தம்பி, அடைமொழியாக 'இளம்', 'அடர்' இரண்டையும் அவசியம் வைத்துக்கொள்வோம். பெயர்ச்சொல்லாக 'அடர்த்தி' துணி விஷயத்தில் ஒத்துவராது. 'அடர்த்தியான துணி' என்றால் இழை நெருங்கிய, கெட்டியான துணி என்றுதான் நெய்பவரும் தைப்பவரும் எடுத்துக்கொள்வார்கள். இந்த விரிப்புக்கே அந்தப் பொருளிலும் அடர்த்தி பார்த்தாக வேண்டும்: இழை தளர்ந்த கைத்தறியை மூலைவாட்டில் வெட்டினால் முக்கோணம் இழுபட்டு, தைத்த கட்டம் (சுற்றிலும் தையலுக்கு விடும் கால் அங்குலம் சேர்த்து) ஒன்பதரை அங்குலத்துக்கு வராது. வெட்டுவதற்கு முன் கஞ்சி போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பாப்ளினுக்கு மாற வேண்டும். ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்யக்கூடாது.

என் பரிந்துரை: வெளிர்மை.

*

'வெளிர்மை' காதுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் மஞ்சளிடம் தோற்றுவிடும். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளை யாரும் வெளிர்நிறம் என்று சொல்லமாட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் அது கிட்டத்தட்ட வெள்ளையாக வந்து நிற்கும். நிறம் நீர்த்துப்போவது வேறு, வெள்ளைக்கு அருகில் இருப்பது வேறு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிறக் குறியீட்டு முறையில் இவற்றைத் தனித்தனி அளவாகவே பிரித்தார்: நிறம் ஒன்று, அதன் செறிவு ஒன்று, கறுப்பை 0 என்றும் வெள்ளையை 10 என்றும் வைத்து ஏறும் படி ஒன்று. நமக்கு வேண்டியது அந்த மூன்றாவது. 'வெளிர்மை' செறிவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது.

சோதிக்கும் முறையிலிருந்தே பெயரை எடுக்கலாம். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, துணி எந்தச் சாம்பலாகிறது என்று பார்க்கிறோம். ஆகவே சாம்பற்படி.

*

'சாம்பற்படி' பொருளுக்குப் பொருந்துகிறது ஐயா. பண்டிகைக்கு விரிக்கும் துணிக்குச் சாம்பல் என்ற பெயரா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். புழங்க வேண்டிய சொல்லுக்கு அந்தத் தடையும் தடைதான்.

சோதனை பற்றி ஒரு எச்சரிக்கை. துணிகளைத் தனித்தனியாகப் படம் எடுக்கக் கூடாது. கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அரக்குத் துணியும் நடுச்சாம்பலாகவே வரும். எல்லாத் துணியையும் ஒட்டி அடுக்கி, பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் ஒரே படமாக எடுக்க வேண்டும். தங்கப்பொடி அச்சு உள்ள துணியை இரண்டு கோணத்தில் எடுங்கள், ஒரு கோணத்தில் வெளுத்தும் ஒரு கோணத்தில் இருண்டும் காட்டும். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும் பழைய உத்தி இந்த விரிப்புக்கு ஆகவே ஆகாது. அதன் வழியே சிவப்பு வெளுத்தும் பச்சை கறுத்தும் தெரிவதால், ஒரே படியில் உள்ள இரண்டு துணிகள் பிரிந்து நிற்பதுபோல ஏமாற்றிவிடும்.

*

'ஒளிப்படி' என்றும் யோசித்தேன். நகல் எடுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

கருவெண்படி எப்படி? கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே உள்ள படி. 'கரு' முன்னால் நிற்க வேண்டும். மாற்றிப் போட்டால் முட்டையின் வெண்கரு வந்துவிடும்! முதல் முறை முழுச்சொல், பிறகு வெறும் 'படி' போதும். 'சிவப்பும் பச்சையும் ஒரே படி', 'பின்னணியை இரண்டு படி ஏற்று' என்று வாயில் தடையில்லாமல் வருகிறது. மூன்று நிலைகளுக்கு மேல்படி (வெள்ளைப் பக்கம்), இடைப்படி, கீழ்ப்படி (கறுப்புப் பக்கம்).

*

கருவெண்படிக்கு என் ஆதரவு. சொல் தாங்குமா என்று பார்க்கக் குறிப்பின் துணிப் பகுதியை அதை வைத்தே எழுதினேன்:

"44 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) பின்னணி, நட்சத்திரம், இடைப்பட்டி, ஓரப்பட்டி ஒவ்வொன்றுக்கும் கால் மீட்டர், அடித்துணி அரை மீட்டர். பின்னணியில் நாலேகால் அங்குலச் சதுரம் ஆறும் மூன்றரை அங்குலச் சதுரம் பன்னிரண்டும், நட்சத்திரத் துணியில் நாலேகால் ஆறும் மூன்றரை மூன்றும் வெட்டவும். நாலேகால் சதுரங்களை இரண்டு மூலைவாட்டிலும் வெட்டினால் நந்நான்கு முக்கோணம்.

பின்னணியும் நட்சத்திரமும் ஒரே கருவெண்படியில் இருக்கக் கூடாது. இருந்தால் பச்சையை நகர்த்துங்கள், சிவப்பைத் தொடாதீர்கள். சிவப்பை மேல்படிக்கு ஏற்றினால் இளஞ்சிவப்பாகிப் பண்டிகைக் களை போய்விடும். பச்சையோ கிளிப்பச்சையாக ஏறினாலும் பாட்டில் பச்சையாக இறங்கினாலும் பச்சைதான். அரக்கையும் பாட்டில் பச்சையையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். பட்டுச் சேலையில் அவை பிரிந்து தெரிவது நடுவே ஓடும் சரிகைக் கோட்டால்.

வெள்ளைப் பொட்டிட்ட சிவப்புத் துணி கிட்டத்தில் கீழ்ப்படி, தூரத்தில் இடைப்படி. அதை வெள்ளைப் பின்னணியோடு சேர்த்தால் தையலில் விழும் பொட்டுகள் பின்னணியில் கரைந்து, நட்சத்திர முனை கடித்ததுபோல் ஆகும். கோட்டு அச்சும் வேண்டாம்: முக்கோணங்களைச் சேர்க்கும்போது கோடுகள் பக்கத்துக்கு ஒரு திசையில் ஓடும்.

தையல் மடிப்பைக் கீழ்ப்படித் துணியின் பக்கம் சாய்த்துத் தேய்க்கவும். மேல்படித் துணி மெல்லியதாக இருந்தால் சிவப்பு மடிப்பு அதன் வழியே நிழலாகத் தெரியும். சிவப்பைத் தனியே அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்கவும். மூன்று முறை அலசியும் சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம்."

*

நன்றாக நிற்கிறது அக்கா. ஒரே ஒரு திருத்தம்: முதல் இடத்தில் 'கருவெண்படி' என்று எழுதியவுடன், 'துணி கறுப்பு வெள்ளைப் படத்தில் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பது' என்று ஒரு வரி சேருங்கள். 'நிறச்செறிவு' என்பதைப் பளிச்சென்ற தன்மைக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். 'மதிப்பு' விலைக்கே இருக்கட்டும்.