சிட்டி கேஸ் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை: மில்லை விட்டுட்டுப் போகலாமா?

பவானிக்கரை:
அண்ணன்மாருக்கு வணக்கம். 2021ல டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன் முடிச்சேன். மூணு வருஷமா ஒரு பேப்பர் மில்லுல பாய்லர் பக்கம் வேலை. பிரஷர் மாதிரி அளவை எடுத்து கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்புற டிரான்ஸ்மிட்டரோட காலிபரேஷன் (அளவு சரிபார்க்கிறது), கண்ட்ரோல் வால்வு எல்லாம் கை பழகிடுச்சு. இப்போ வீடுகளுக்குக் குழாயில கேஸ் கொடுக்கிற ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. கடலோர மாவட்டம். அம்மா "கேஸ் பக்கமே போகாதடா"ன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. ஸ்டீம் பார்த்தவனுக்கு அங்க என்ன புதுசா இருக்கும்? இந்த வேலையில இருக்கிறவங்க சொல்லுங்க.

கருவிப்பெட்டி:
தம்பி, நான் உரத் தொழிற்சாலையில் 9 வருஷம் இருந்துவிட்டு இதற்கு வந்தவன். இது ஐந்தாவது வருஷம். உன் கைவேலை அப்படியே செல்லும். கருவிக்கு அதே 24 வோல்ட், அளவைக் கொண்டுபோக அதே 4–20 மில்லியாம்ப் சிக்னல். ஆனால் மில்லில் உன் கருவியெல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும், கோளாறு என்றால் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர் பார்த்துவிடுவார். இங்கே ரோட்டோரம் கம்பிவேலிக்குள் ஒரு ஸ்கிட் (ஒரே சட்டத்தில் மாட்டிய குழாய், வால்வு, கருவிகள்), சுற்றிலும் கருவேலங்காடு, ஆள் அரவமே இருக்காது. கண்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு நீ மாட்டிவிட்டு வந்த டிரான்ஸ்மிட்டர்தான் கண்.

கேஸ் வரும் வழியைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே கேட் ஸ்டேஷனில் பெரிய பைப்லைனிலிருந்து வாங்குகிறோம். இந்த கேஸ் பெரும்பாலும் மீத்தேன், அதற்கு வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய அங்கேதான் மெர்காப்டன் சேர்ப்பார்கள். அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் வீட்டில் எல்லாரும் அடுப்பைப் பார்க்க ஓடுவார்கள். பிறகு இரும்புக் குழாயில் வந்து டி.ஆர்.எஸ். (வட்டாரத்துக்குப் பிரஷரைக் குறைத்துத் தரும் நிலையம்) ஸ்கிட்டில் பிரஷர் 4 பாருக்கு இறங்கும். அதிலிருந்து பிளாஸ்டிக் குழாய். வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரும்போது 21 மில்லிபார், கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத் தண்ணீர் அழுத்துகிற அளவு. வண்டிக்கு சி.என்.ஜி. நிரப்பும் இடத்திலோ 200 பார். இரண்டையும் ஒரே நாளில் தொட வேண்டி வரும். கையில் இருக்கும் கேஜ் எந்த ரேஞ்ச் என்று ஒவ்வொரு தடவையும் பார்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு ஐப்பசி மழைநாள். ஒரு ஸ்கிட்டில் அவுட்லெட் டிரான்ஸ்மிட்டரைக் காலிபரேட் செய்து திரும்ப லைனில் போட்டேன். 3.9 பார், சரியாக இருந்தது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் டியூபை இணைக்கும் ஒரு ஃபெரூலில் குமிழி. குழாயிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வரும் டியூபின் வால்வை மூடி நட்டை இறுக்கினேன், கசிவு நின்றது. டிஸ்பிளேயில் அதே 3.9. பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூடிய வால்வைத் திறக்கவே இல்லை. டியூபுக்குள் மாட்டிக்கொண்ட கேஸைத்தான் அது 3.9 என்று காட்டிக்கொண்டிருந்தது. இரவு எட்டு மணிக்கு கண்ட்ரோல் ரூமிலிருந்து போன்: "அண்ணே, சமையல் நேரத்துல ஊரே அடுப்பு பத்த வைக்குது, உங்க லைன் மட்டும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நிக்குதே." அந்தப் பெண் கேட்டிருக்காவிட்டால் விடியும்வரை அந்த ஏரியாவுக்குக் கண்ணே கிடையாது. பிரஷரைக் குறைத்து நிறுத்தும் ரெகுலேட்டருக்கு, பிரஷரை உணரத் தனிச் சின்னக் குழாய் (சென்சிங் லைன்) இருப்பதால் சப்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு பிரஷர் ஏறியிருந்தாலும் திரையில் 3.9தான் இருந்திருக்கும். மழையில் திரும்பிப் போய்த் திறந்தேன். கை நடுங்கியது.

அதிலிருந்து இடத்தை விட்டுக் கிளம்புமுன் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிடுவேன். வால்வை மூடி, டியூபில் இருப்பதை வெளியே விட்டு, அவர்கள் திரையில் பூஜ்யம் விழுந்ததைச் சொல்ல வேண்டும். திரும்பத் திறந்ததும் எண் ஏறி, பிறகு லேசாக ஆடுவதையும் சொல்ல வேண்டும். ஆடாத அளவீட்டை நான் நம்புவதில்லை.

சென்சிங் லைன் சின்ன விஷயம் இல்லை, தம்பி. 2018 செப்டம்பர் 13, அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் மெரிமேக் பள்ளத்தாக்கு. பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கைவிட்டுப் புதுக் குழாய்க்கு மாறினார்கள். ரெகுலேட்டரின் சென்சிங் லைன் மட்டும் பழையதிலேயே இருந்துவிட்டது. பழையதில் பிரஷர் விழ விழ ரெகுலேட்டர் திறந்துகொண்டே போய், புதுக் குழாயில் பிரஷர் எகிறியது. வீடு வீடாகத் தீ. 18 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். கண்ட்ரோல் ரூமுக்கு அலாரம் வந்தது, அங்கிருந்து மூடத்தான் வழியில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்: மீத்தேன் காற்றைவிட லேசானது, திறந்த வெளியில் மேலே போய்விடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால்தான் பற்றும். கையில் டிடெக்டர், பெர்மிட், பருத்திச் சட்டை இல்லாமல் வேலிக்குள் யாரையும் விடமாட்டார்கள்.

இரவுப்பணி:
நான் கண்ட்ரோல் ரூமில் இருப்பவள். கருவிப்பெட்டி அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்று சேர்க்கிறேன். டெக்னீஷியன் சொல்லாமல் லூப்பை (டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் வயரை) கழற்றினால் எனக்கு 4 மில்லியாம்புக்குக் கீழே விழும், அலாரம் அடிக்கும். உண்மையான கோளாறா, நம் ஆளா என்று தெரியாமல் பதறுவேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள், தம்பி. அது போதும்.

உப்புக்காற்று:
கடலோரம்னா வயரெல்லாம் சேர்ற ஜங்ஷன் பாக்ஸ்தான் உனக்குப் பாதி வேலை. கேபிள் உள்ளே நுழையிற கிளாண்ட் சரியா இறுக்கலைன்னா உப்பும் ஈரமும் ஏறி டெர்மினல் பச்சையாப் பூத்துடும். எறும்பு கூடு கட்டியிருக்கும். இன்னொண்ணு, கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, முதல்லயே எழுத்துல கேளு. ராத்திரி ஸ்டாண்ட்பை டியூட்டிக்குக் காசு உண்டா, வண்டி யாருது, அதையும் கேளு. நான் கேக்காம சேர்ந்து ஒரு வருஷம் சொந்த பைக்குல அலைஞ்சேன்.

பவானிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல, ஆனா திட்டவும் இல்ல. வியாழக்கிழமை இன்டர்வியூ. என்ன படிச்சுட்டுப் போகணும்?

கருவிப்பெட்டி:
வால்யூம் கரெக்டரைப் படி. உன் மில்லில் அது இருந்திருக்காது. மீட்டர் வழியே போன கேஸை 15 டிகிரி, 1.01325 பார் கணக்குக்கு மாற்றித்தான் பில் போடுகிறோம். வெப்பநிலை அளக்கும் ஆர்.டி.டி. 3 டிகிரி கூடக் காட்டினால் பில்லில் சுமார் 1 சதவீதம் போய்விடும். பெரிய தொழிற்சாலை வாடிக்கையாளர் என்றால் அது லேசான பணமில்லை. பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் ஸ்லாம் ஷட் வால்வு, மானிட்டர் ரெகுலேட்டர் இரண்டும் எது எதற்கு என்றும் கட்டாயம் கேட்பார்கள்.

வேலை கிடைத்தால் முதல் வாரமே ஒரு டி.ஆர்.எஸ். ஸ்கிட்டில் போய் உட்கார். ஒவ்வொரு டியூபையும் விரல் வைத்துத் தொட்டுக்கொண்டே போ. எது எந்தக் குழாயில் போய் முடிகிறது என்று உன் கையால் நோட்டில் வரை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதே.