விவிபாட் சீட்டு, இரட்டைத் தொகுதி, கட்சிச் செலவு: எந்தச் சட்டத்தில் கை வைக்க வேண்டும்?

செழியன்:
சட்டக் கல்லூரி மாதிரி நாடாளுமன்றத்துக்குத் தனிநபர் மசோதா எழுதுகிறோம். மூன்று மாற்றங்கள்: விவிபாட் (வாக்கு யாருக்குப் பதிவானது என்று அச்சிட்டுக் காட்டும் கருவி) ஒப்புகைச் சீட்டுகளை 100 சதவீதம் எண்ணுவது, ஒருவருக்கு ஒரே தொகுதி, கட்சிகளின் செலவுக்கு உச்சவரம்பு. அரசியலமைப்பின் 324ஆம் உறுப்பைத் திருத்தினால் மூன்றும் முடிந்துவிடும் என்கிறார்கள் சிலர். சரியா? அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டுமே.

ஆறாம்விரல்:
324ஐத் தொடவே வேண்டாம். அது தேர்தலை நடத்தும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்திடம் தருகிறது, அவ்வளவுதான். நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தேர்தலுக்கும் சட்டம் இயற்றும் அதிகாரம் 327இல் இருக்கிறது. சாதாரணப் பெரும்பான்மையே போதும். உங்கள் மூன்றுமே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951க்குள் அடங்கும்.

அதற்குக் கீழே தேர்தல் நடத்தும் விதிகள், 1961. இதைத் தேர்தல் காலத்தில் கட்சிகளுக்கு ஆணையம் போடும் ‘நடத்தை விதிமுறை’யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதற்குச் சட்ட வலு கிடையாது. 1961 விதிகளை 169ஆம் பிரிவின்படி ஆணையத்தைக் கலந்துகொண்டு மத்திய அரசே போடுகிறது. அவையில் வாக்கெடுப்பு இல்லாமலேயே அரசிதழில் மாறிவிடும். சிசிடிவி பதிவுகளைப் பார்க்கும் உரிமையைச் சுருக்கிய 93ஆம் விதித் திருத்தம் 2024 டிசம்பரில் அப்படித்தான் வந்தது. நிலைக்க வேண்டியதைச் சட்டத்தில் எழுதுங்கள், விதியில் விடாதீர்கள்.

சட்டம் பேசாத இடத்தை ஆணையம் 324ஐக் கொண்டு நிரப்பலாம். சட்டம் பேசிய இடத்தில் அதை மீற முடியாது. கேரளத்தின் பரவூரில் 1982இல் 50 சாவடிகளில் வாக்குப்பதிவு இயந்திரம் வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகே இயந்திரத்துக்கு இடம் தரும் 61ஏ பிரிவு 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கை: உள்ளாட்சித் தேர்தலை மசோதாவில் சேர்க்காதீர்கள். அது 243கே, 243இசட்ஏ உறுப்புகளின் கீழ் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது.

தொகுதிப் பங்கீடு:
ஒரே தொகுதி விஷயம் சுலபம்போலத் தெரியும். 1951 சட்டத்தில், ஒருவர் எத்தனை தொகுதிகளில் நிற்கலாம் என்று சொல்லும் 33(7)இல் ‘இரண்டுக்கு மேற்பட்ட’ என்பதை ‘ஒன்றுக்கு மேற்பட்ட’ என்று மாற்றினால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். அந்த உட்பிரிவு 1996இல் வந்தது. பொதுத்தேர்தல், இடைத்தேர்தல், மேலவை என்று கூறு கூறாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கூறிலும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் ஒருவர் ஒரே நாளில் ஒரு மக்களவைத் தொகுதியிலும் ஒரு சட்டமன்றத் தொகுதியிலும் நிற்பதை அது தடுக்காது, ஏனென்றால் கூறுகள் அவைவாரியாக இருக்கின்றன. அதையும் தடுக்க எண்ணினால் தனிக் கூறு ஒன்று சேருங்கள்.

33(6)இல் வரும் ‘நான்கு’ என்பது ஒரே தொகுதிக்குத் தரும் வேட்புமனுக்களின் எண்ணிக்கை. அதில் கை வைக்க வேண்டாம்.

முழுத் தடை நிறைவேறாது என்று பட்டால் மாற்று வழி உண்டு. இரண்டிலும் வென்று ஒன்றை விடுபவரிடம் இடைத்தேர்தலுக்காகப் பணம் வாங்கலாம் என்று ஆணையமே 2004இல் சொன்னது: சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம். என்னைக் கேட்டால் அது பணக்காரர்களுக்கு மட்டும் திறந்திருக்கும் கதவு.

எண்ணுமேசை:
விவிபாடுக்கு வருகிறேன். 61ஏ பிரிவில் இயந்திரம் உண்டு, விவிபாட் என்ற சொல்லே கிடையாது. அது 2013 ஆகஸ்டில் விதித் திருத்தம் வழியாக வந்தது. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சாவடிகளைக் குலுக்கிப்போட்டு எண்ணுவது 2019 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்ற உத்தரவு. அதாவது 6 பகுதிகள் கொண்ட ஒரு தமிழ்நாட்டு மக்களவைத் தொகுதிக்கு 30 சாவடிகள். முழுவதும் எண்ணக் கோரிய மனுக்கள் 2024 ஏப்ரல் 26இல் தள்ளுபடியாயின. நாடாளுமன்றம் சட்டம் போட்டால் அந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்காது.

1961 விதிகளில் 56டியைப் படித்துவிட்டு எழுதுங்கள். வேட்பாளர் இப்போதும் சீட்டை எண்ணச் சொல்லி எழுத்தில் கேட்கலாம், ஆனால் ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துவராவிட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்றும் அதில் இருக்கிறது. இந்த வாசகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

நடைமுறையில் எங்கே இடறும் என்றால், மாதிரி வாக்குப்பதிவில். வாக்குப்பதிவு தொடங்கும் முன் வேட்பாளர்களின் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 வாக்கு போட்டுக் காட்ட வேண்டும். பிறகு கட்டுப்பாட்டுக் கருவியில் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்று வரிசையாக அழுத்திக் கணக்கை அழிக்க வேண்டும். விவிபாட் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அவசரத்தில் இரண்டில் ஒன்று விட்டுப்போகும். க்ளியர் அழுத்தாவிட்டால் இயந்திரத்தில் 50 கூடும். சீட்டை எடுக்காவிட்டால் பெட்டியில் 50 கூடும். போதாக்குறைக்கு, விவிபாடை இயக்கியதும் அது தன்னைத்தானே சோதிக்க 7 சீட்டு அச்சிடும்; அவற்றையும் தள்ள வேண்டும்.

எனவே ‘சீட்டே இறுதி’ என்று மட்டும் எழுதினால் தவறான 50 வாக்கு சட்டப்படி செல்லுபடியாகிவிடும். முதலில் சாவடியில் பதிவான வாக்குகளைக் குறிக்கும் 17சி படிவத்தில் எழுதிய மொத்தத்தோடு ஒப்பிடு, வேறுபாடு இருந்தால் மாதிரிச் சீட்டு உறையைத் திற, அதற்கும் பிறகே சீட்டுக் கணக்கு என்று வரிசை வையுங்கள்.

செழியன்:
17சி பற்றி யோசிக்கவே இல்லை, நன்றி. முழுவதும் எண்ண எவ்வளவு நேரம் பிடிக்கும்? எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும்.

எண்ணுமேசை:
ஒரு சாவடிக்குச் சுமார் ஒரு மணி நேரம். சீட்டுகளை வேட்பாளர்வாரியாகச் சிறு தட்டறைகளில் பிரித்து, 25 சீட்டாகக் கட்டி, முகவர்களிடம் காட்ட வேண்டும். இப்போது ஒரே மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுகிறார்கள். 250 சாவடி உள்ள பகுதியில் 14 மேசை போட்டால் 18 சுற்று, அதாவது 18 மணி நேரம். இரண்டு ஷிப்டு ஆள் வேண்டும். முடியாத காரியமில்லை, முடிவு மறுநாள் வரும், அவ்வளவே.

ஆறாம்விரல்:
கட்சிச் செலவு மூன்றிலும் கடினம். வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்களில் மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் என்று 90ஆம் விதியில் வரம்பு இருக்கிறது. கட்சிக்கு எதுவுமே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் விமானத்தில் பறந்தாலும் 77ஆம் பிரிவின் விளக்கம் அதை வேட்பாளர் கணக்கில் சேர்க்காது. வேட்பாளர் கணக்கும் மனுத்தாக்கல் நாளில்தான் தொடங்குகிறது. நீங்களும் அதே நாளை வைத்தால் அதற்கு முந்தைய மாநாட்டுச் செலவெல்லாம் தப்பிவிடும். தேர்தல் அறிவிப்பு நாளிலிருந்து என்று எழுதுங்கள்.

தண்டனை இல்லாமல் விடாதீர்கள். செலவுக் கணக்கை முறைப்படி தாக்கல் செய்யாத வேட்பாளருக்கு 10ஏ பிரிவில் 3 ஆண்டுத் தகுதியிழப்பு உண்டு. கட்சிக்கு என்ன? பதிவை ரத்து செய்யும் பொது அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்பு சொல்கிறது. அதனால் மீறிய தொகையைப்போல் இத்தனை மடங்கு அபராதம் என்று மசோதாவிலேயே குறிப்பிடுங்கள்.

முழு எண்ணிக்கைக்கு அரசுப் பணம் செலவாகும். ஆகவே நிதிக் குறிப்பு இணைக்க வேண்டும், அரசியலமைப்பின் 117(3)இன்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரையும் வேண்டும். மாதிரி அவையில்கூட இதைக் கேட்டு மடக்குவார்கள்.