ஹாம்பர்க் டு ஸ்டாக்ஹோம் கார்ல: ஃபெரியா, பாலமா?

ஊர்சுத்தி: ஜூலைல ஹாம்பர்க்ல வாடகை கார் எடுத்து கோபன்ஹேகன் வழியா ஸ்டாக்ஹோம் போலாம்னு பிளான், கூட ரெண்டு குட்டிப் பசங்க. வடக்கு ஜெர்மனில இருக்கற புட்கார்டன் துறைமுகத்துல ஃபெரி ஏறணுமா இல்ல முழுக்க ரோட்லயே போய்டலாமா? ஃபெரி முன்னாடியே புக் பண்ணணுமா?

வடகடல்: பசங்க இருக்காங்கன்னா கண்ணை மூடிட்டு ஃபெரி. புட்கார்டன்ல இருந்து டென்மார்க் பக்கம் ரோட்பிக்கு 45 நிமிஷம்தான், ராத்திரி பகல்னு ஓடிட்டே இருக்கும். ரோட்லயே போனா ஃப்ளென்ஸ்பர்க், ஓடென்ஸ்னு சுத்தி நூறு கிலோமீட்டருக்கு மேல கூட வரும், அப்பவும் டென்மார்க்குக்குள்ள கடல் மேல போற கிரேட் பெல்ட் பாலத்துல டோல் கட்டணும், அப்புறம் என்ன மிச்சம் சொல்லுங்க. ஜூலைன்னா புக் பண்ணிடுங்க, லீவு டைம்ல வரிசை நீளும். ஏறினதும் ஹேண்ட்பிரேக் போட்டு, கியர்ல விட்டு, அலாரத்தை ஆஃப் பண்ணிடுங்க. கப்பல் ஆடுறப்போ கத்த ஆரம்பிச்சா மானம் போய்டும் 😄

ஸ்வீடன்வாசி: கோபன்ஹேகன் தாண்டி ஸ்வீடன்ல இருக்கற மால்மோ போக ஓரசுண்ட் பாலம், 2000ல திறந்தது. முதல்ல தண்ணிக்கு அடியில 4 கிலோமீட்டர் டனல், அப்புறம் ஒரு செயற்கைத் தீவுல வெளிய வந்து பாலத்துல ஏறும், பசங்க வாயைப் பொளந்துடுவாங்க. டோல் ஸ்வீடன் பக்கம்தான். இந்தப் பாலத்துக்குப் பதிலா இன்னொரு ஃபெரி வேணும்னா டென்மார்க் பக்கம் ஹெல்சிங்கர்ல இருந்து ஸ்வீடன் பக்கம் ஹெல்சிங்போர்க் 20 நிமிஷம்.

வடகடல்: முக்கியமானதை விட்டுட்டேன், கார் கம்பெனிகிட்ட டென்மார்க், ஸ்வீடன் ரெண்டுக்கும் பெர்மிஷன் இருக்கான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. ஷெங்கன் (பார்டர் செக் இல்லாம போய்வர ஐரோப்பிய நாடுகளோட ஒப்பந்தம்) தானேன்னு பாஸ்போர்ட்டை பெட்டிக்கு அடில போட்றாதீங்க, செக் பண்ணுவாங்க. பகல்லயும் ஹெட்லைட் எரியணும்.

ஊர்சுத்தி: சூப்பர் பாஸ், போறப்போ புட்கார்டன், வர்றப்போ ஹெல்சிங்போர்க்னு வச்சுக்கறேன்.