ரெப்ளிகேஷன் ஸ்லாட்: 'நகலாக்கப் பிடி' சரியாக வருமா?

அனைவருக்கும் வணக்கம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில் வரும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுக்கு (முதன்மை சர்வரின் நகலாக இயங்கும் துணை சர்வருக்கு வேண்டிய கோப்புகளை அழியாமல் வைத்திருக்கும் ஏற்பாடு) தமிழில் இதுவரை 'நகலாக்கச் செருகுவாய்', 'நகலாக்கக் குறி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. செருகுவாய் என்றதும் மெமரி கார்டு நுழைக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். இங்கே எதையும் எதற்குள்ளும் நுழைப்பதில்லை.

முதன்மை சர்வர் எந்த மாற்றத்தையும் முதலில் 'வால்' (ரைட்-அஹெட் லாக், அதாவது முன்கூட்டியே எழுதும் பதிவு) கோப்பில் எழுதிவிடுகிறது. கோப்பு ஒன்று வழக்கமாக 16 எம்பி. தனக்கு இனி வேண்டாத பழைய கோப்புகளை செக்பாயிண்ட் நேரத்தில் (மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டம்) அழித்துவிடும், அல்லது பெயர் மாற்றி மறுபடி பயன்படுத்தும். நெட்வொர்க் போய்த் துணை சர்வர் கொஞ்ச நேரம் விலகியிருந்தால், அது திரும்பி வரும்போது கேட்கிற கோப்பு முதன்மையில் இருக்காது. ஆர்க்கைவிலும் (தனியே சேமித்துவைத்த பிரதிகளிலும்) இல்லையென்றால் துணை சர்வரை அடியிலிருந்து மறுபடி கட்டியெழுப்ப வேண்டியதுதான். முன்பெல்லாம் இத்தனை கோப்புகளை வைத்திரு என்று குத்துமதிப்பாக ஓர் எண்ணைக் கொடுத்துச் சமாளித்தார்கள். 2014இல் 9.4 பதிப்போடு ஸ்லாட் வந்தது. துணை சர்வருக்கு எந்த இடத்திலிருந்து தேவை என்று அது குறித்துக்கொள்ளும். அங்கிருந்து எதையும் அழிக்க விடாது.

'குறி' இதில் முதல் பாதியை மட்டுமே சொல்கிறது. ஆபத்து இரண்டாம் பாதியில் இருக்கிறது. துணை சர்வரை எடுத்துவிட்டு ஸ்லாட்டை நீக்க மறந்தால் கோப்புகள் குவிந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பி முதன்மை சர்வரே நின்றுவிடும். வெறும் குறியால் டிஸ்க் எப்படி நிரம்பும் என்று படிப்பவர் குழம்பிப்போவார். பிடித்துவைத்திருக்கிறது என்றால் உடனே புரியும்.

அதனால்தான் 'நகலாக்கப் பிடி' என்கிறேன். கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. 2020இல் 13ஆம் பதிப்பில் வந்த மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் அமைப்பை 'பிடி வரம்பு' எனலாம். (அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே கிடையாது. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.) வரம்பு தாண்டி, அடுத்த செக்பாயிண்டில் கோப்பு போய்விடக்கூடும் என்ற 'அன்ரிசர்வ்டு' நிலைக்குப் 'பிடி தளர்ந்தது', கோப்பு போயே போய்விட்ட 'லாஸ்ட்' நிலைக்குப் 'பிடி நழுவியது'. ஹேண்டில் என்ற கணினிச் சொல்லுக்கு ஏற்கெனவே 'கைப்பிடி' இருக்கிறதே என்று கேட்கலாம். 'நகலாக்க' என்ற முன்னொட்டு இருக்கும்வரை குழப்பம் வராது.

அப்புறம், 'வால்' விஷயம். அந்தக் கோப்புகள் இருந்த அடைவின் பெயர் பிஜி_எக்ஸ்லாக். ஏதோ லாக் கோப்புகள்தானே என்று இடம் காலிசெய்ய அதை அழித்துத் தரவுத்தளத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அதனால்தான் 2017இல் 10ஆம் பதிப்பில் பெயரைப் பிஜி_வால் என்று மாற்றினார்கள். தமிழில் 'பதிவுக் கோப்பு' என்று வைத்தால் அதே தவற்றை நாம் புதிதாகத் தொடங்கிவைப்போம். ரைட்-அஹெட் லாக் என்பதை அப்படியே 'முன்பதிவு' என்றால் டிக்கெட்தான் நினைவுக்கு வரும். நான் 'மாற்றப் பேரேடு' என்று யோசித்திருக்கிறேன். பேரேட்டை யாரும் குப்பை என்று தூக்கிப்போட மாட்டார்கள்.

டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) வேலையில் இருப்பவர்கள் 'பிடி தளர்ந்தது' என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். எச்சரிக்கைச் செய்தியாகத் திரையில் வந்தால் பார்த்தவுடன் புரியுமா?