லாட்டுக்குள் லாட்: ரீஜெக்ஸ் பாதியில் நின்றுவிடுகிறது

மண்டிக்கணக்கு:
ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேனுங்க. பைத்தான் வீடியோ பார்த்துப் படித்ததுதான். பட்டியல் எக்ஸ்எம்எல் ஃபைலாக வருகிறது, டேக் பெயர்கூடத் தமிழ்தான். முழு ஃபைலும் ஒரே வரி. ஒரு விவசாயியின் லாட் இப்படி:

<லாட்>சிவகிரி <லாட்>விரலி 12 மூட்டை</லாட்><லாட்>கிழங்கு 5 மூட்டை</லாட்> ஈரம் அதிகம்</லாட்>

ரீஜெக்ஸில், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறையில், நான் போட்டது: <லாட்>(.*?)</லாட்>

விரலியோடு நின்றுவிடுகிறது. கிழங்கு தனி லாட்டாக வருகிறது. ‘ஈரம் அதிகம்’ எங்கேயும் இல்லை. போன வாரம் அது இல்லாமலே பட்டியல் அடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்க வந்தவர் மூட்டைக்குள் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கேள்விக்குறியை எடுத்தால் முதல் விவசாயி தொடங்கிக் கடைசி விவசாயி வரைக்கும் ஒரே லாட்டாக விழுங்குகிறது. வேறு வழி உண்டுங்களா?

பனியன்_திருப்பூர்:
தம்பி, கேள்விக்குறி போட்டால் முதலில் கண்ணில் படுகிற மூடும் டேக்கிலேயே நிற்கும். அது உள் லாட்டுடையதா வெளி லாட்டுடையதா என்று அதற்குத் தெரியாது. திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று எண்ணிக்கொண்டே போனால்தான் ஜோடி சேரும். அந்த வேலை சாதாரண ரீஜெக்ஸுக்கு வராது. பெர்லில் தன்னையே திரும்பக் கூப்பிடுகிற மாதிரி எழுதலாம், பைத்தானோடு வருகிற ரீ மாட்யூலில் அது கிடையாது. பேக்கிங் லிஸ்ட் ஒன்றுக்காக நானும் ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியவன்தான். பைத்தானில் எக்ஸ்எம்எல் படிக்கவென்றே இருக்கும் எலிமென்ட்ட்ரீயில் படி. ரூட்டில், அதாவது எல்லாவற்றையும் சுற்றி நிற்கும் வெளி டேக்கில், ஃபைண்ட்ஆல் போட்டால் நேர் பிள்ளைகள் மட்டும் வரும். இட்டர் போட்டால் பேரன் பேத்தி எல்லாம் வந்துவிடும், அது வேண்டாம்.

மண்டிக்கணக்கு:
லாட் சரியாகப் பிரிகிறது அண்ணா. ஆனால் டெக்ஸ்ட் கேட்டால் ‘சிவகிரி’ மட்டும்தான். ஈரம் மறுபடியும் காணோம்!

கீழ்பவானி:
அது வாலில் கிடக்குதுங்க. டெக்ஸ்ட் என்றால் முதல் பிள்ளைக்கு முன்னால் இருப்பது மட்டும். உள் லாட் மூடிய பிறகு வருகிற எழுத்து அந்த உள் லாட்டின் டெயிலில் போய் உட்காரும். உங்கள் ஈரம் கிழங்கின் டெயில். மொத்தமாக வேண்டுமென்றால் இட்டர்டெக்ஸ்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்க. அப்புறம், சொல் பிரிக்க ரீ மாட்யூலில் பின்சாய்வு டபிள்யூ (சொல்லில் வரும் எழுத்தைக் குறிக்கும் குறி) போட்டுவிடாதீங்க. புள்ளியை எழுத்தாகவே மதிக்காமல் ‘மஞ்சள்’ என்பதை ‘மஞ’, ‘சள’ என்று வெட்டி வைக்கும்.

மண்டிக்கணக்கு:
வந்துவிட்டதுங்க, ஈரத்தோடு. ஒரு ஃபைல் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. பிழை ஃபைலின் கடைசியில் என்று காட்டுகிறது, அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பனியன்_திருப்பூர்:
எங்கேயோ நடுவில் ஒரு மூடும் டேக்கை விட்டிருப்பார்கள். லாட்டுக்குள் லாட் வரலாம் இல்லையா, அதனால் ரூட் மூடும்போதுதான் அதற்கே தெரியும். மூட்டைச் சீட்டை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்.