‘ட்விஸ்டட் பேர்’: ‘இருபுரி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

திசைவிக் (ரௌட்டர்) கையேட்டில், கணினிகளை வலையில் இணைக்கும் ‘ட்விஸ்டட் பேர்’ (twisted pair) வடத்தை ‘முறுக்கிய இணைக்கம்பி வடம்’ என்று எழுதி வருகிறோம். தப்பில்லை. ஆனால் முன்னால் ‘கவசம் இல்லாத’ சேர்ந்துவிட்டால் நாக்கு களைத்துவிடுகிறது. ‘இருபுரி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

கயிறு முறுக்குகிற இடத்தில் ஒவ்வொரு பிரிவையும் புரி என்பார்கள். மூன்றைச் சேர்த்து முறுக்கினால் முப்புரி. இங்கே இரண்டு செப்புக் கம்பிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகின்றன. இரண்டு என்பதும் முறுக்கு என்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

முறுக்கு ஏன் சொல்லில் இருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் வடம் தயாரித்தபோது ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கி, வடத்தின் இரு முனையிலும் ஒரே மாதிரி கனெக்டருக்குள் வைத்து அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் அழகாக எரிந்தன. கணினியிலோ இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. காரணம், கனெக்டரில் 3ஆம், 6ஆம் இடங்களுக்குப் போகும் கம்பிகள் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். நான் அந்த இடங்களில் வெவ்வேறு ஜோடிகளின் கம்பிகளைப் போட்டிருந்தேன். சேர்ந்து முறுக்கிய கம்பிகளில்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் ஏறி, மறுமுனையில் கழிந்துபோகும். உள்ளே இருப்பது எட்டுக் கம்பி என்றே நினைத்திருந்தேன். நான்கு இருபுரி என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பிழையே வந்திருக்காது.

‘புரி என்றால் விளங்கு என்று படித்துவிடுவார்களே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். வலம்புரிச் சங்கு என்றால் யாரும் குழம்புவதில்லையே.

‘நேர் வடம்’ (இரு முனையிலும் கம்பி வரிசை ஒன்றே), ‘குறுக்கு வடம்’ (ஒரு முனையில் அனுப்பும் ஜோடியும் பெறும் ஜோடியும் இடம் மாறியிருக்கும்) இரண்டும் அப்படியே இருக்கட்டும். இப்போதைய திசைவிகள் பெரும்பாலும் அந்த இடமாற்றத்தைத் தாமாகவே செய்துகொள்வதால் குறுக்கு வடத்துக்குத் தனிப் பக்கம்கூடத் தேவையில்லை. ‘கேட் 5இ’, ‘கேட் 6’ ஆகிய வட வகைப் பெயர்களையும் மொழிபெயர்க்க வேண்டாம்; கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

கையேட்டு வரிகள் இரண்டை மாற்றிப் பார்த்தேன்:

“கவசமிலா இருபுரி வடம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.”

“கனெக்டருக்குள் நுழைக்கும்போது இருபுரியை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.”

வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள். கருவிகளை இணைக்கும் குட்டை வடமான ‘பேட்ச் கேபிள்’ இன்னும் பாக்கி. ‘ஒட்டு வடம்’ எனக்கு ஒப்பவில்லை. கிழிசலை ஒட்டுவது போல இருக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.